தீவிரவாத ஆள்சேர்ப்பிலிருந்து பதின்வயதினரைக் காத்தல்: இளைஞர் பணியாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தீவிரவாத இயக்கங்கள் பதின்வயதுப் பிள்ளைகளை அணுகும்போது கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதில்லை. முதலில் நலம் விசாரிக்கிறார்கள், பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிறார்கள், "உன்னைப் போன்ற ஒருவனைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்" என்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த பகுதியில் 1987-இல் வெள்ளை இனவெறிக் கும்பல் ஒன்றில் சேர்க்கப்பட்டு, பின்னாளில் அதிலிருந்து வெளியேறிப் பிறரையும் வெளியே கொண்டுவரும் பணியில் ஈடுபட்ட கிறிஸ்டியன் பிச்சியோலினி, தம்மை அந்தக் கும்பலின் தலைவர் அணுகியபோது தமக்கு வயது 14 என்றும், தமக்கு அப்போது தேவைப்பட்டவை ஓர் அடையாளமும் ஒரு கூட்டமும் ஒரு நோக்கமும்தான் என்றும் பல மேடைகளில் கூறியிருக்கிறார். இத்தாலியிலிருந்து குடியேறிய அவருடைய பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். காலை முதல் இரவு வரை உழைத்ததால் வீட்டில் இல்லாதவர்கள். அந்த வெற்றிடத்தில்தான் வேறொருவர் வந்து அமர்ந்தார்.

இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த வெற்றிடத்தைப் பற்றியதே. ஆள்சேர்ப்பவர் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் நேரத்தையும் கவனத்தையும் மதிப்பையும் அவருக்கு முன்பே நாம் கொடுத்திருக்க வேண்டும். அவர் வந்துவிட்ட பிறகும் நம் உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாதத்தில் வெல்வது இவற்றுக்கெல்லாம் பின்னால் வரும் காரியம்.

முதல் படி: உங்கள் எல்லையை எழுத்தில் வையுங்கள்

இளைஞர் பணியாளர் உளவாளியும் அல்லர், மருத்துவரும் அல்லர். பிள்ளைகள் உங்களிடம் மனம் திறந்து பேசுவதற்கு நீங்கள் தகவல் சேகரிப்பவர் அல்லர் என்ற நம்பிக்கையே காரணம். அது ஒருமுறை உடைந்தால் அந்தப் பிள்ளை மட்டுமன்றி, அவரைச் சுற்றியுள்ள அனைவரும் விலகிப் போவார்கள். ஆகவே, எதை இரகசியமாகக் காப்பீர்கள், எதைக் காக்க முடியாது என்பதைப் பிரச்சினை தலைதூக்கிய நாளில் சொல்லாமல், குழு கூடும் முதல் நாளிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். "நீங்கள் என்னிடம் சொல்வது என்னோடு இருக்கும், ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் நான் உதவியைத் தேட வேண்டியிருக்கும், அதையும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்ற அளவில் இருந்தால் போதும். உங்கள் அமைப்பில் சிறார் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், அவர் இல்லாத நேரத்தில் யாரை அழைப்பது, உங்கள் நாட்டுச் சட்டம் எதையெல்லாம் கட்டாயம் தெரிவிக்கச் சொல்கிறது என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: இழுப்பு எப்படி நடக்கிறது என்பதை அறியுங்கள்

வலதுசாரி இனவெறி, மதத்தின் பெயரிலான வன்முறை, பெண் வெறுப்பு, இனத் தேசியவாதம் என்று கொள்கைகள் பலவாக இருந்தாலும் ஆள்சேர்ப்பின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. எல்லோரும் கூடும் பொதுவெளியில்தான் முதல் தொடர்பு ஏற்படுகிறது. அது விளையாட்டுத் திடலாக இருக்கலாம், வழிபாட்டிடத்தின் வாசலாக இருக்கலாம், இணைய விளையாட்டின் அரட்டைப் பகுதியாகவும் இருக்கலாம். அங்கே கிண்டலும் மீம்களும் பகிரப்படுகின்றன. யார் சிரிக்கிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள் என்பதை ஆள்சேர்ப்பவர் கவனித்துக்கொண்டே இருப்பார். எதிர்ப்பு எழுந்தால் "வெறும் வேடிக்கைதானே" என்று பின்வாங்க வழி இருப்பதால் மீம் அவருக்கு மிகவும் வசதியான கருவி.

அடுத்து, உரையாடல் தனி அறைக்கு மாறுகிறது. டிஸ்கார்டிலோ டெலிகிராமிலோ ஒரு சிறிய குழுவுக்கு அழைப்பு வருகிறது. அங்கே முதலில் கேட்கப்படுவது மிகச் சிறிய உதவிதான்: ஒரு படத்தைப் பகிர வேண்டும், ஒரு வாசகத்தை மொழிபெயர்க்க வேண்டும், ஒருவருடைய கணக்கைக் கவனிக்க வேண்டும். சிறிய வேண்டுகோளுக்கு இணங்கியவர் பெரிய வேண்டுகோளுக்கு இணங்குவது எளிது என்பதை ஜோனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் என்ற உளவியலாளர்கள் 1966-இலேயே ஆய்வில் காட்டினார்கள். ஆள்சேர்ப்பவர்கள் அதை நடைமுறையில் அறிந்தவர்கள். பிறகு இரகசியம் வருகிறது: "இதை வீட்டில் சொல்லாதே, அவர்களுக்குப் புரியாது." அந்த ஒரு வாக்கியமே பிள்ளையையும் குடும்பத்தையும் பிரிக்கும் முதல் சுவர். பழைய நண்பர்கள் கோழைகளாகவும் பெற்றோர் ஏமாந்தவர்களாகவும் சித்திரிக்கப்படுகிறார்கள். இறுதியில், திரும்பிப் போக முடியாதபடி ஒரு செயலைச் செய்ய வைக்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை 2023-இல் பொதுமக்களை எச்சரித்த '764' போன்ற இணைய வலைப்பின்னல்களில் கொள்கை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இருப்பதில்லை. பிள்ளைகளின் அந்தரங்கப் படங்களைப் பெற்று, அவற்றைக் காட்டி மிரட்டி, தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ள வைத்து, அதையும் பதிவு செய்கிறார்கள். இங்கே நம் முன் நிற்கும் பிள்ளை, பலரைத் துன்புறுத்துபவராகவும் தானே துன்புறுத்தப்பட்டவராகவும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். இதை நினைவில் கொள்ளாமல் அணுகினால் அவர் வாய் திறக்கவே மாட்டார்.

வன்முறைக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளையும் எதிர்பார்த்திருங்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அந்தத் தாக்குதலை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அதன் சுமார் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. அப்படி ஒரு காட்சி கைப்பேசியில் வந்து விழுந்ததற்காக ஒரு பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்க்கலாகாது. பார்த்தபோது என்ன தோன்றியது, யார் அனுப்பினார்கள், பிறகு தூங்க முடிந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: யாரும் இழுக்கப்படாத காலத்திலேயே தொடங்குங்கள்

வில்லியம் மெக்குவையர் என்ற உளவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்து ஒன்று இன்று பல நாடுகளில் தடுப்புப் பணிக்கு அடிப்படையாக இருக்கிறது: தடுப்பூசி உடலுக்குச் செய்வதை, வலுக்குறைந்த வடிவில் ஒரு பொய் வாதத்தையும் அதற்கான மறுப்பையும் முன்கூட்டியே அறிமுகப்படுத்துவதன் மூலம் மனத்துக்கும் செய்யலாம். தந்திரம் என்ன என்று முன்பே அறிந்தவர் அதே தந்திரத்தை நேரில் சந்திக்கும்போது எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறார்.

இதை விரிவுரையாகச் செய்தால் பயனில்லை. ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். குழுவை நான்கு நான்கு பேராகப் பிரித்து, முற்றிலும் கற்பனையான ஒரு பகையை உருவாக்கச் சொல்லுங்கள். "அதிகாலையில் எழுபவர்கள்தான் நம் எல்லாத் துன்பங்களுக்கும் காரணம்" என்பது போல, யாரையும் புண்படுத்தாத ஒன்றாக அது இருக்கட்டும். அரை மணி நேரத்தில் ஒரு சுவரொட்டி, ஒரு முழக்கம், புதிதாகச் சேர்பவரிடம் பேசும் முதல் ஐந்து வாக்கியங்கள் ஆகிய மூன்றையும் அவர்கள் தயாரிக்க வேண்டும். தொடக்கத்தில் சிரிப்பு இருக்கும். சிறிது நேரத்தில் "நாம் தூங்கும்போது அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள்" என்ற வகை வாசகங்கள் தாமாகவே எழத் தொடங்கும். அப்போது நிறுத்தி, மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: இதில் உண்மையான மனக்குறை எது, அந்தக் குறைக்கு ஒரே ஒரு கூட்டத்தை எப்படிக் காரணமாக்கினீர்கள், சேர்பவருக்கு என்ன வாக்குறுதி கொடுத்தீர்கள்? உண்மையான இயக்கம் எதன் பெயரையும் நீங்கள் சொல்லத் தேவையில்லை. கொள்கை எதுவானாலும் இயந்திரம் ஒன்றே என்பதை அவர்கள் தம் கையாலேயே கழற்றிப் பார்த்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட மதத்தையோ இனத்தையோ எடுத்துக்காட்டாக்கும் பயிற்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சமூகத்துப் பிள்ளை அறையில் குனிந்து உட்காரும் நாளில் நீங்கள் ஆள்சேர்ப்பவருக்கே உதவி செய்திருப்பீர்கள்.

நான்காம் படி: மாற்றத்தைக் கவனியுங்கள், தோற்றத்தை அன்று

தாடி, முக்காடு, மொட்டைத் தலை, அதிக வழிபாடு, கடுமையான அரசியல் பேச்சு எதுவும் தம்மளவில் அபாயக் குறிகள் அல்ல. பதின்வயது என்பதே புதிய உடைகளையும் புதிய கருத்துகளையும் அணிந்து பார்க்கும் காலம். கவனிக்க வேண்டியது, ஒரே காலகட்டத்தில் பல மாற்றங்கள் சேர்ந்து வருவதை: நெடுநாள் நண்பர்களைத் திடீரென உதறுதல், பிடித்த விளையாட்டையோ இசையையோ கைவிடுதல், மனப்பாடம் செய்தது போன்ற சொற்களில் பேசுதல், ஒரு கூட்டத்தினரை மனிதர்களாகவே குறிப்பிடாமை, கைப்பேசியை மறைத்தல், விளக்க முடியாத பணம் அல்லது பரிசு. அதோடு, அண்மையில் அந்தப் பிள்ளைக்கு ஏற்பட்ட இழப்பையோ அவமானத்தையோ தேடிப் பாருங்கள். பல சமயங்களில் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

ஐந்தாம் படி: பேசுங்கள், அதைவிடக் கூடுதலாகக் கேளுங்கள்

இந்தப் பணியின் உயிர்நாடி இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிள்ளை வெறுப்புப் பேச்சைப் பேசும்போது, உடனே மறுத்து ஆதாரங்களை அடுக்க வேண்டும் என்ற உந்துதல் நமக்கு எழுவது இயல்பு. ஆனால் "ஊரார் உன்னை எதிர்ப்பார்கள், அதுவே நீ உண்மையைக் கண்டுவிட்டதற்குச் சான்று" என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. நம் கடுமையான மறுப்பு அந்தக் கணிப்பை நிறைவேற்றிவிடும்.

உரையாடல் எப்படி நகரலாம் என்பதற்கு ஒரு மாதிரியைத் தருகிறேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பதினைந்து வயதுப் பையன் நாற்காலிகளை அடுக்க உதவிக்கொண்டே சொல்கிறான்:

"அவங்க வந்ததுக்கப்புறம்தான் அண்ணா நமக்கு எதுவும் கிடைக்கிறதில்ல. அவங்களை விரட்டணும்."

"இது உனக்கு எப்போ இருந்து தோணுது, தம்பி?"

"ரொம்ப நாளாவே."

"ரொம்ப நாள்னா? வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"

"அப்பாவுக்கு வேலை போச்சு. அவர் இடத்துல அவங்கள்ல ஒருத்தரைத்தான் போட்டாங்க."

"அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். அப்பா இப்போ எப்படி இருக்கார்?"

"யார்கிட்டயும் பேசுறதில்ல." சற்றுப் பொறுத்து, "நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்கிறான்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் கதவு திறந்துவிட்டது. அவன் சொன்ன தீர்வை அண்ணன் ஏற்கவில்லை. அவனுடைய வலியை ஏற்றுக்கொண்டார். வெறுப்பை ஏற்காதிருப்பதையும் பையனைத் தள்ளிவிடாதிருப்பதையும் ஒன்றாகச் செய்ய முடியும், செய்தாக வேண்டும். அடுத்தடுத்த சந்திப்புகளில், "அப்பாவை வேலையிலிருந்து எடுக்க முடிவு செய்தது யார்? புதிதாக வந்தவருக்கு என்ன சம்பளம் கொடுத்திருப்பார்கள்?" என்ற கேள்விகளை மெல்ல வைக்கலாம், "இதை உனக்கு விளக்கியவர் உன் அப்பாவுக்கு ஏதேனும் உதவி செய்தாரா?" என்பதையும் கேட்கலாம். விடையை நாம் சொல்லாமல் அவனே தேடிச் சேரும்போதுதான் அது அவனுடையதாகிறது.

எல்லோர் முன்னிலையிலும் வெறுப்புப் பேச்சு எழுந்தால் அணுகுமுறை சற்று வேறாக இருக்க வேண்டும். இலக்காக்கப்பட்ட பிள்ளைகளும் அதே அறையில் இருக்கிறார்கள். நீங்கள் மௌனமாக இருந்தால் அதற்கும் அவர்கள் பொருள் கொள்வார்கள். "இங்கே யாரைப் பற்றியும் இப்படிப் பேசுவதில்லை, உன்னிடம் பிறகு தனியாகப் பேச விரும்புகிறேன்" என்று சுருக்கமாக நிறுத்தி, சொன்னபடி பேசுங்கள். புண்பட்டவரையும் அன்றே தனியாகச் சந்தியுங்கள். இதை மறந்துவிடுவது பரவலாக நடக்கிறது.

ஆறாம் படி: மனக்குறைக்கு நேர்மையான வழி காட்டுங்கள்

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2017-இல் வெளியிட்ட, ஆப்பிரிக்காவில் தீவிரவாத இயக்கங்களில் தாமாகச் சேர்ந்த 495 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 71 விழுக்காட்டினர் தம்மை இறுதியாக அந்தப் பக்கம் தள்ளியது அரசின் நடவடிக்கை என்றார்கள். குடும்பத்தினரோ நண்பரோ கொல்லப்பட்டதும் கைதானதும் அவற்றில் அடங்கும். அந்த இயக்கங்களில் மதத்தின் பெயரால் இயங்கியவையும் இருந்தும், 57 விழுக்காட்டினர் மத நூல்களைப் பற்றித் தமக்குச் சிறிதளவே தெரியும் அல்லது எதுவும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். கொள்கை விளக்கம் கொடுத்தே சரிசெய்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் இந்த இரு எண்களையும் சேர்த்து நோக்க வேண்டும்.

அநீதியைக் கண்டு கோபப்படுவது நோய் அன்று. அந்தக் கோபத்தை அடக்கச் சொல்பவரைவிட அதற்கு வேலை கொடுப்பவரிடமே பிள்ளைகள் போவார்கள். மனு எழுதுவது, உள்ளாட்சிப் பிரதிநிதியைச் சந்திப்பது, தகவல் கேட்டுப் பெறுவது, அமைதியான போராட்டத்தில் கலந்துகொள்வது, இதழ் நடத்துவது என எதையாவது அவர்களே தேர்ந்தெடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடத்தட்டும். 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானம் 18 முதல் 29 வயது வரையானோரைக் கருதியே எழுதப்பட்டது என்றாலும், இளையோரை ஆபத்தாகப் பார்க்காமல் அமைதியின் பங்காளிகளாகப் பார்க்க வேண்டும் என்ற அதன் நோக்கு பதின்மூன்று வயதினருக்கும் பொருந்தும்.

ஏழாம் படி: குடும்பத்தை நேரில் சந்தியுங்கள்

இலண்டனில் 2015 பிப்ரவரியில் மூன்று பள்ளி மாணவிகள் ஐ.எஸ். தீவிரவாத இயக்கத்தில் சேரச் சிரியாவுக்குப் புறப்பட்டுச் சென்றனர். அவர்களுடைய தோழி ஒருவர் ஏற்கெனவே சென்றிருந்ததால், அம்மாணவிகளிடம் வாக்குமூலம் பெறப் பெற்றோரின் அனுமதி கோரிக் காவல் துறை கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதங்களைப் பெற்றோரிடம் கொடுக்குமாறு அந்த மாணவிகளிடமே ஒப்படைத்தார்கள். பிள்ளைகள் போன பிறகுதான் அவை அவர்களுடைய அறைகளில் கண்டெடுக்கப்பட்டன. பெற்றோருக்குத் தெரிய வேண்டியதைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

நேரில் செல்லும்போது "உங்கள் மகன் தீவிரவாதி ஆகிறான்" என்று தொடங்கினால் அடியோ, பூட்டிய அறையோ, பறிக்கப்பட்ட கைப்பேசியோதான் விளைவாக இருக்கும். "அவனைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது, வீட்டில் நீங்கள் எதைக் கவனிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வீட்டுக்குள் உள்ளவரே இழுப்பவராக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மட்டும், சிறார் பாதுகாப்புப் பொறுப்பாளருடன் பேசாமல் வீட்டை அணுகாதீர்கள்.

எட்டாம் படி: அவசர நிலையில் தனியாக முடிவெடுக்காதீர்கள்

குறிப்பிட்ட நபரையோ இடத்தையோ நாளையோ சொல்லி மிரட்டுதல், ஆயுதம் தேடுதல், இரகசியப் பயண ஏற்பாடு, பொருள்களைப் பகிர்ந்து கொடுத்து விடைபெறுவது போன்ற பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அது அவசர நிலை. முதல் நாள் கொடுத்த வாக்கின்படி, இயன்றவரை பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பொறுப்பாளரையும் உரிய அதிகாரிகளையும் அன்றே தொடர்புகொள்ளுங்கள். சொல்வதால் ஆபத்து கூடும் என்றால் சொல்லாமலே தொடர்புகொள்ளுங்கள். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே, நேரத்துடன், உங்கள் ஊகம் கலக்காமல் எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய காணொளிகளையோ கையேடுகளையோ உங்கள் கருவியில் சேமிக்காதீர்கள், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். பல நாடுகளில் அதுவே குற்றம். படங்களைக் காட்டி மிரட்டும் நிலையில், உரையாடல்களை அழிக்கவோ பணம் அனுப்பவோ வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்; இது அவருடைய குற்றமன்று என்பதை அதற்கும் முன்னால் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பி வருபவருக்கு இடம் வையுங்கள்

நார்வேயில் 1997-இலும் சுவீடனில் 1998-இலும் ஜெர்மனியில் 2000-இலும் தீவிரவாத இயக்கங்களிலிருந்து வெளியேற விரும்புவோருக்கு உதவும் திட்டங்கள் 'எக்ஸிட்' என்ற பெயரில் தொடங்கப்பட்டன. சுவீடனின் திட்டத்தில் முன்னாள் உறுப்பினர்களே பணியாளர்களாகச் செயல்பட்டார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் காவல் துறையும் நகராட்சியும் இணைந்து, சிரியாவிலிருந்து திரும்பிய இளைஞர்களில் குற்றம் செய்யாதவர்களுக்குத் தனி வழிகாட்டியை அமர்த்தி, படிப்பு, வேலை, வீடு ஆகியவற்றைத் தேடிக்கொடுத்தன. இவை எல்லாமே, கொள்கையை விடுவது எளிதென்றும் கூட்டத்தை விடுவது கடினமென்றும் உணர்ந்து வகுக்கப்பட்டவை.

வெளியே வந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் நிம்மதியைவிட வெறுமையையே தரும். நாள் முழுவதும் ஒலித்த கைப்பேசி அடங்கிவிடுகிறது. பழைய நண்பர்கள் இன்னும் நம்புவதில்லை. இந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை உறுதியான சந்திப்பு, அதற்கிடையில் அவருக்கென்று ஒரு பொறுப்பு, பழைய தொடர்பிலிருந்து செய்தி வந்தால் உடனே காட்ட ஒருவர் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மீண்டும் ஒருமுறை அங்கே பேசிவிட்டேன் என்று சொன்னால், சொன்னதற்காக நன்றி கூறுங்கள். மற்றப் பிள்ளைகளிடம் அவருடைய கதையைப் பாடமாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பல ஆண்டுகள் கழித்து அவரே முன்வந்தால் அது வேறு.

பணியாளர் மாறும் சூழலையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். நம் பணியிடங்கள் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்களில் நடப்பவை, இந்தப் பிள்ளைகளோ ஏற்கெனவே பலரால் விட்டுச் செல்லப்பட்டவர்கள். நீங்கள் விலகுவது உறுதியானவுடன் பிள்ளையிடம் நேரில் சொல்லுங்கள். புதியவரை அழைத்து வந்து, சில சந்திப்புகளுக்கேனும் மூவருமாக உட்காருங்கள். எதையெல்லாம் புதியவரிடம் பகிரலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பாதுகாப்பு தொடர்பான குறிப்புகள் மட்டும் பொறுப்பாளர் வழியாகப் புதியவருக்குச் செல்லும் என்பதையும் அப்போதே அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.